தீனி தின்றும் தேறாத மாடுகள்: ஜோனிஸ் என்னும் குடல் அழற்சி நோய்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் மாவட்டங்களில் மழை பொய்த்த ஆண்டிலும் சிறு விவசாயிகளின் வீட்டுச் செலவுக்குக் கைகொடுப்பவை கால்நடைகளே. காலையிலும் மாலையிலும் சங்கத்திற்கு ஊற்றும் பாலும், அவசரத் தேவைக்கு விற்கும் ஆட்டுக்குட்டியும் பல குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. இரண்டே மாடுகள் உள்ள வீட்டில் ஒன்று மெலிந்து போனால், வருமானத்தில் பாதி போய்விட்டது என்றே பொருள்.

மாடுகள் மெலிவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று நம் விவசாயிகளுக்கு அதிகம் அறிமுகமில்லாதது. மாடு வழக்கம்போல் தீனி தின்னும்; அசை போடும்; காய்ச்சல் இராது. ஆயினும் வாரத்திற்கு வாரம் எலும்பு தெரிய மெலியும். சாணம் கூழாகிப் பின் நீராகப் போகும். மருந்து கொடுத்தால் சில நாட்கள் நிற்கும், மறுபடி தொடங்கும். கடைசியில் "இது இனித் தேறாது" என்று சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். இவ்வாறு விற்கப்படும் மாடுகளில் சில, ஜோனிஸ் நோய் கண்டவையாக இருக்கக்கூடும். இந்நோய் எப்போது தொடங்குகிறது, எப்போது வெளியே தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால், மீதமுள்ள மாடுகளையும் இனிப் பிறக்கும் கன்றுகளையும் காப்பாற்றிக்கொள்ள முடியும்.

நோய் கண்டறியப்பட்ட வரலாறு

ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்னும் பகுதியில் 1894-ஆம் ஆண்டு ஒரு விவசாயியின் பசு கழிச்சல் கண்டு மெலிந்தது. அதன் குடலை டிரெஸ்டன் நகரில் யோனே, ஃபிராதிங்காம் என்னும் இரு அறிஞர்கள் ஆராய்ந்து 1895-ஆம் ஆண்டு செய்தி வெளியிட்டார்கள். குடல் தடித்திருந்தது, அதில் காசநோய்க் கிருமியை ஒத்த நுண்ணுயிர்கள் ஏராளமாக இருந்தன. இது காசநோய் அன்று, தனி நோய் என்பதை 1906-ஆம் ஆண்டு டென்மார்க் நாட்டு அறிஞர் பாங் தெளிவாக்கினார். முதலில் ஆராய்ந்த யோனே அவர்களின் பெயரே இந்நோய்க்கு வழங்கலாயிற்று. அப்பெயரை ஆங்கில வழக்கில் படித்ததால் நம்மிடம் அது 'ஜோனிஸ்' என்று நிலைத்துவிட்டது. நம் நாட்டில் இந்நோய் 1913-ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. ஆகவே இது அண்மையில் வந்த நோய் அன்று. நெடுங்காலமாகக் கவனிக்கப்படாமல் இருக்கும் நோய்.

குடலில் நடப்பது என்ன?

நோய்க்குக் காரணம் 'மைக்கோபாக்டீரியம் ஏவியம் பாராடியூபர்குளோசிஸ்' என்னும் நுண்ணுயிர். காசநோய்க் கிருமிக்கு இது நெருங்கிய உறவு. மிக மெதுவாகப் பெருகும். பசு, எருமை, செம்மறியாடு, வெள்ளாடு ஆகிய அசை போடும் கால்நடைகள் அனைத்தையும் தாக்கும்.

மாட்டின் சிறுகுடல் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமுள்ளது. அதன் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத இலட்சக்கணக்கான உறிஞ்சிகள் உள்ளன. செரித்த தீனியின் சத்தை இரத்தத்தில் சேர்ப்பவை இவையே. பயிருக்கு வேர்த் தூவிகள் எப்படியோ, மாட்டிற்கு இவை அப்படி.

சிறுகுடலின் கடைப்பகுதிச் சுவரில் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூடியிருக்கும் இடங்கள் உண்டு. ஜோனிஸ் கிருமி அவ்வழியாகவே உள்ளே நுழைகிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்கள் இதனையும் விழுங்குகின்றன. ஆனால் இக்கிருமி அழிவதில்லை. அந்த அணுக்களுக்குள்ளேயே தங்கிப் பெருகுகிறது. அதை எதிர்க்க உடல் மேலும் மேலும் அணுக்களை அங்கே அனுப்புகிறது. ஆண்டுக்கணக்கில் நடக்கும் இந்தப் போராட்டத்தால் குடற்சுவர் வீங்கித் தடிக்கிறது. இதையே நாட்பட்ட குடல் அழற்சி என்கிறோம். இறந்த மாட்டின் குடலைப் பிரித்துப் பார்த்தால், உட்சுவர் மூளையின் மடிப்புகளைப்போல் சுருக்கம் சுருக்கமாகத் தடித்திருக்கும்.

தடித்த சுவரில் உறிஞ்சிகள் வேலை செய்யா. வேர்த் தூவிகள் அழுகிய பயிர், மண்ணில் ஈரம் இருந்தும் வாடுவதைப் பார்த்திருக்கிறோம். அதுபோலவே இந்த மாடும் தொட்டி நிறையத் தீனி தின்றும் பட்டினி கிடக்கிறது. உறிஞ்சப்படாத சத்து கழிச்சலாக வெளியேறுகிறது. இரத்தத்திலுள்ள புரதமும் குடல் வழியாகக் கசிந்துவிடுகிறது. புரதம் குறைந்த இரத்தத்திலிருந்து நீர் வெளியேறித் தாடைக்கு அடியில் தேங்குகிறது. நோய் முற்றிய மாட்டின் தாடைக்கடியில் மெத்தென்ற வீக்கம் தோன்றுவது இதனால்தான்.

தொற்றும் காலம் வேறு, தெரியும் காலம் வேறு

இந்நோயைப் பற்றி விவசாயிகள் முக்கியமாக அறிந்துகொள்ள வேண்டியது இதுவே. கிருமி பெரும்பாலும் மாட்டைத் தொற்றுவது கன்றுப் பருவத்தில். குறிப்பாகப் பிறந்த சில வாரங்களிலும் முதல் 6 மாதங்களிலும். நோய்க்குறி வெளியே தெரிவதோ 2 முதல் 5 ஆண்டுகள் கழித்து. பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் ஈற்றுக்குப் பின், கன்று ஈன்ற அலுப்பும் கறவையின் சுமையும் சேரும்போது கழிச்சல் தொடங்குகிறது.

ஆகவே மாடு கழியத் தொடங்கிய நாளில், கடந்த வாரம் போட்ட தீனியையோ குடித்த தண்ணீரையோ மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. விதை விழுந்தது சில ஆண்டுகளுக்கு முன்னர்.

இடைப்பட்ட ஆண்டுகளில் மாடு நலமாகவே தோன்றும், சினை பிடிக்கும், பால் கொடுக்கும். ஆனால் சாணத்தில் அவ்வப்போது கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். பெரிய பண்ணைகளில் நோய்க்குறி தெரியும் மாடு ஒன்று இருந்தால், குறி தெரியாமல் தொற்றுடன் 15 முதல் 25 மாடுகள் வரை இருக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளார்கள். நம் கட்டுத்தறியில் மாடுகள் குறைவாயினும் பாடம் ஒன்றே. மெலிந்த மாடு மட்டுமே நோயுள்ள மாடு என்று எண்ணிவிடக்கூடாது.

நோய் பரவும் விதம்

1. சாணம்: நோய் முற்றிய மாட்டின் ஒரு கிராம் சாணத்தில் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கிருமிகள் இருக்கக்கூடும். சாணம் ஒட்டிய மடியைக் கன்று சப்பும்போது அதன் வயிற்றுக்குள் கிருமி போகிறது. சாணம் கலந்த தண்ணீரும் தீவனமும் அப்படியே.

2. பால்: நோயுள்ள மாட்டின் சீம்பாலிலும் பாலிலும் கிருமி வரலாம்.

3. கருப்பை: நோய் முற்றிய பசுக்களின் கருக்களில் ஏறத்தாழ பத்தில் நான்கு, வயிற்றிலிருக்கும்போதே தொற்றுக்கு ஆளாகின்றன.

4. விலைக்கு வாங்கும் மாடு: நோயில்லாத கட்டுத்தறிக்கு நோய் வந்துசேரும் முக்கிய வழி இதுவே.

நோய்க்குறிகள்

பசுவிலும் எருமையிலும்: விட்டுவிட்டு வரும் கழிச்சல். பொதுவாக அதில் இரத்தமோ சளியோ இராது. காய்ச்சல் இல்லை. பசி குறையாது, தாகம் கூடும். பால் குறையும். தொடைச் சதையும் இடுப்புச் சதையும் வற்றும். மயிர் பளபளப்பிழந்து சிலிர்த்து நிற்கும். முற்றிய நிலையில் தாடைக்கடியில் வீக்கம் காணும். கழிச்சல் தொடங்கிச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மாடு இறந்துவிடும்.

செம்மறியாட்டிலும் வெள்ளாட்டிலும்: கழிச்சலே இல்லாமல் போகலாம். புழுக்கை சற்று இளகியிருக்கும்; அல்லது வழக்கம்போலவே இருக்கும். மெலிவது ஒன்றே குறி. மேயப்போகும் மந்தையில் அந்த ஆடு எப்போதும் பின்தங்கும். கோடையில் எல்லா ஆடுகளும் மெலிந்திருக்கும்போது இதைக் கண்டுபிடிப்பது கடினம். மழை பெய்து புல் தழைத்து, மற்ற ஆடுகள் தேறிய பின்னும் ஒன்றிரண்டு மட்டும் தேறாமலிருந்தால் ஐயப்பட வேண்டும்.

மற்ற நோய்களிலிருந்து பிரித்தறிதல்

மெலிந்து கழியும் மாடெல்லாம் ஜோனிஸ் கண்டதன்று. குடற்புழுக்கள், குளத்தோரம் மேயும் மாடுகளைத் தாக்கும் ஈரல் தட்டைப்புழு, இளங்கன்றுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல், தாதுச் சத்துக் குறைவு ஆகியவற்றாலும் இதே குறிகள் தோன்றும். தாடைக்கடி வீக்கம் புழுக்களாலும் வரும். இவற்றுக்கெல்லாம் மருந்து உண்டு. ஆதலால் முதலில் சாணத்தைச் சோதித்து இவற்றைக் கண்டறிந்து நீக்க வேண்டும். சோதிக்காமலே ஜோனிஸ் என்று முடிவு கட்டி நல்ல மாட்டைக் கழித்துவிடுவதும் நட்டமே.

குடற்புழு நீக்கம் முறையாகச் செய்தும் 3 அல்லது 4 வாரங்களுக்கு மேல் கழிச்சல் தொடர்ந்தால், கால்நடை மருத்துவரிடம் ஜோனிஸ் நோய்க்கான சோதனையைக் கேட்கவேண்டும். சாணத்தைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பது, இரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைக் கண்டறியும் எலைசா சோதனை, கிருமியின் மரபுப் பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை ஆகியவை உள்ளன. கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்க்க 2 முதல் 4 மாதங்கள் ஆகும்.

சோதனையின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். தொற்றின் தொடக்க ஆண்டுகளில் இரத்தச் சோதனை பெரும்பாலும் நோயைக் காட்டாது. 2 வயதுக்குட்பட்ட கிடேரியில் 'நோய் இல்லை' என்று வந்தால் அதை முடிவாகக் கொள்ளக்கூடாது. நோய் கண்ட கட்டுத்தறியில் வளர்ந்த மாடுகள் அனைத்தையும் ஆண்டுக்கொரு முறை சோதித்து வரவேண்டும்.

மாவட்டங்களில் கால்நடை பராமரிப்புத் துறையின் நோய்ப் புலனாய்வுப் பிரிவுகள் உள்ளன. கோவை சரவணம்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தையும், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையும் விவசாயிகள் அணுகலாம்.

மருத்துவம் உண்டா?

இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. கழிச்சலை நிறுத்தும் மருந்துகளால் சில நாட்கள் தேறியதுபோல் தெரியும். குடற்சுவர் பழைய நிலைக்குத் திரும்பாது. நோய் உறுதியான மாட்டிற்கு மேலும் மேலும் மருந்துச் செலவு செய்வது, கன்றுக்குச் செலவிட வேண்டிய பணத்தை வீணாக்குவதாகும்.

நோய் உறுதியான மாட்டை உடனே தனியே கட்ட வேண்டும். அதன் சாணமும் மூத்திரமும் மற்ற மாடுகளின் பக்கம் ஓடாதவாறு, தாழ்வான ஓரத்தில் கட்டுவது நல்லது. அதன் பாலைக் கன்றுகளுக்குக் கொடுக்கக்கூடாது. சினைக்கு விடக்கூடாது. அடுத்து என்ன செய்வது என்பதை மருத்துவரைக் கலந்து முடிவு செய்யலாம்.

கன்றைக் காப்பதே நோயை ஒழிக்கும் வழி

மேலைநாட்டுப் பண்ணைகளில் கன்று பிறந்தவுடன் தாயிடமிருந்து பிரித்துவிடுகிறார்கள். நம் காங்கயம் பசு கன்று ஊட்டாமல் பால் சுரப்பதில்லை. ஆகவே நம் வழக்கத்திற்கு ஏற்ற முறைகளையே இங்குத் தருகிறோம்.

1. கன்று ஈனும் இடம் கட்டுத்தறியில் தனியாக இருக்கட்டும். பழைய சாணத்தை வழித்தெடுத்து, காய்ந்த சோளத்தட்டையோ வைக்கோலையோ பரப்பவும்.

2. ஈனுவதற்கு முன்பும், கன்றை ஊட்ட விடும் ஒவ்வொரு முறையும் மடியையும் காம்புகளையும் கழுவித் துடைக்கவும். கறப்பதற்கு முன் கழுவுகிறோம். கன்று ஊட்டுவதற்கு முன் கழுவுவதில்லை. இந்த நோயைப் பொறுத்தவரை இரண்டாவதே முக்கியம்.

3. பிறந்த ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்திற்குள் சீம்பால் கிடைக்க வேண்டும். 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் சுமார் இரண்டரை லிட்டர் தேவை. தாய்ப்பசுவின் மேல் ஐயம் இருந்தால் நோயில்லாத வேறு பசுவின் சீம்பாலைக் கொடுக்கவும். ஐயத்தைக் காரணம் காட்டிச் சீம்பாலையே நிறுத்திவிடக்கூடாது. அது வேறு நோய்களுக்கு வழியாகும்.

4. ஊட்டி முடிந்ததும் கன்றைப் பெரிய மாடுகளின் பின்புறம் கட்டாமல், மேடான தனி இடத்தில் கட்டவும். பெரிய மாடுகள் தின்று கழித்த தட்டையைக் கன்றுக்குப் போடவேண்டாம்.

5. தண்ணீர்த் தொட்டியும் தீவனத் தொட்டியும் சாணம் தெறிக்காத உயரத்தில் இருக்கட்டும். சாணம் அள்ளும் கூடையையும் மண்வெட்டியையும் தீவனம் அள்ளப் பயன்படுத்தக்கூடாது.

கொறங்காட்டில் கவனிக்க வேண்டியவை

காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளர்ந்த கொறங்காடுகளே மேய்ச்சலுக்கு ஆதாரம். மேச்சேரி ஆடுகளும் மாடுகளும் ஒரே காட்டில் மேய்வது வழக்கம். கிருமி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவ இது இடம் தரும்.

இக்கிருமி கால்நடையின் உடலுக்கு வெளியே பெருகுவதில்லை. ஆனால் நெடுநாள் உயிரோடிருக்கும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2004-ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முழு நிழலில் கிடந்த சாணத்திலும் மண்ணிலும் 55 வாரங்கள் வரை கிருமி உயிரோடிருந்தது. நிழலில்லாத இடத்தில் வெகு விரைவில் அழிந்தது. நம் வெயில் இவ்வகையில் நமக்குத் துணை. ஆனால் உச்சி வேளையில் ஆடு மாடுகள் படுப்பதும், அதிகம் சாணமிடுவதும் வெள்வேல மர நிழலில்தான். அங்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிலும் கிடக்கும் சாணத்தையும் புழுக்கையையும் வாரம் ஒருமுறையேனும் கூட்டி அகற்ற வேண்டும். காட்டைப் பிரித்து மேய்ப்பவர்கள், நன்றாக வெயில் காய்ந்து ஓய்ந்திருக்கும் பகுதியைக் கன்றுகளுக்கும் குட்டிகளுக்கும் ஒதுக்கலாம்.

எரு

ஐயத்திற்குரிய மாட்டின் பச்சைச் சாணத்தைத் தீவனப் புல்லுக்கு இடக்கூடாது. குவித்து மட்கச் செய்ய வேண்டும். குவியலின் உட்புறம் 55 டிகிரி சென்டிகிரேடு அளவுக்குச் சூடேறினால் கிருமி சில நாட்களிலேயே அழிகிறது. ஓரத்திலுள்ள சாணம் உள்ளே போகும்படி குவியலை இரண்டு மூன்று முறை புரட்டிப் போடவும். சாண எரிவாயுக் கலனில் இவ்வளவு சூடு ஏறுவதில்லை. ஆகவே அதிலிருந்து வரும் கழிவையும் மட்கவைத்து, தீவனப் புல் அல்லாத பயிருக்கு இடுவதே பாதுகாப்பு.

வாங்கும்போதும் விற்கும்போதும்

ஈரோடு கருங்கல்பாளையம், பொள்ளாச்சி முதலிய சந்தைகளில் வெளியூர் மாடுகளும் வருகின்றன. மடியையும் சுழியையும் பல்லையும் பார்க்கும் நாம், வாலின் அடிப்புறத்தையும் பின்தொடையையும் பார்க்க வேண்டும். கழிச்சல் காய்ந்த கறை இருக்கிறதா, தாடைக்கடி வீங்கியிருக்கிறதா என்று பார்க்கவும். கூடுமானவரை தெரிந்தவர் கட்டுத்தறியில், தாய்மாடு இன்னும் நலமாக இருக்கும் இடத்தில் வாங்குவது நல்லது. வாங்கியதைச் சில வாரங்கள் தனியே கட்டி, இரத்தமும் சாணமும் சோதித்த பின் மற்றவற்றோடு சேர்க்கலாம்.

விற்பதிலும் பொறுப்பு உண்டு. நோய் உறுதியான மாட்டைக் கறவைக்கென்று விற்றால், அது இன்னொரு சிறு விவசாயியின் கன்றுகளுக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவர் கடன் வாங்கிக்கூட அதை வாங்கியிருக்கலாம். அந்தக் கட்டுத்தறியில் பிறக்கும் கிடேரி நாளை நம் கைக்கே திரும்பி வரவும் கூடும். மத்திய அரசு 2009-ஆம் ஆண்டு இயற்றிய விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. நோயைக் கண்டால் கிராம அலுவலருக்கோ ஊராட்சிக்கோ தெரிவிப்பதும், மாட்டைத் தனிமைப்படுத்துவதும் உரிமையாளரின் கடமையாகும்.

தடுப்பூசி

உத்தரப் பிரதேசத்தில் மதுராவை அடுத்த மக்தூமில் உள்ள மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டிலேயே கிடைத்த கிருமி வகையைக் கொண்டு தடுப்பூசி ஒன்றை உருவாக்கியுள்ளது. இத்தகைய தடுப்பூசிகள் நோயின் கடுமையையும், சாணத்தில் கிருமி வெளியேறுவதையும் குறைக்கின்றன. தொற்றை அடியோடு தடுப்பதில்லை. காசநோய்ச் சோதனையின் முடிவையும் இவை குழப்பக்கூடும். எனவே மருத்துவரின் ஆலோசனையின்பேரிலேயே, மேலே கூறிய துப்புரவு முறைகளோடு சேர்த்துப் பயன்படுத்த வேண்டும்.

மனிதருக்குத் தீங்கு உண்டா?

மனிதருக்கும் நாட்பட்ட குடல் அழற்சி நோய் உண்டு. கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் டால்சீல், 1913-ஆம் ஆண்டே அது மாடுகளின் ஜோனிஸ் நோயை ஒத்திருப்பதைச் சுட்டிக்காட்டினார். 1932-ஆம் ஆண்டு அதை விவரித்த அமெரிக்க மருத்துவர்களுள் ஒருவரான குரோன் பெயரால் அது வழங்குகிறது. அந்நோயாளிகளில் சிலரிடம் ஜோனிஸ் கிருமி காணப்பட்டுள்ளது. ஆனால் நோய்க்கு அதுவே காரணம் என்று நிறுவப்படவில்லை. மரபு, உடலின் எதிர்ப்பு ஆற்றல், குடலில் வாழும் நுண்ணுயிர்கள் ஆகிய பலவும் அதில் பங்குபெறுகின்றன. வீணான அச்சம் வேண்டாம், எச்சரிக்கை போதும். பாலைப் பொங்கக் காய்ச்சியே குடிக்க வேண்டும். பச்சைப் பாலும் காய்ச்சாத சீம்பாலும் எவருக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, ஆகா. வீட்டில் எவருக்கேனும் வாரக்கணக்கில் கழிச்சல், வயிற்றுவலி, எடைக் குறைவு, மலத்தில் இரத்தம் காணப்பட்டால் கைமருந்தோடு நில்லாமல் மருத்துவமனையில் காட்ட வேண்டும்.

விவசாயப் பெருமக்கள் ஒவ்வொரு மாட்டிற்கும் ஒரு பக்கம் ஒதுக்கிக் குறிப்பேடு வைத்திருப்பது நல்லது. பிறந்த தேதி, தாய் எது, எவரிடம் வாங்கியது, ஈற்றுகள், கழிச்சல் கண்ட நாட்கள், கொடுத்த மருந்து ஆகியவற்றை எழுதி வரவும். கழிச்சல் கண்ட மாட்டின் கன்றுகள் எங்கே இருக்கின்றன என்பதை அக்குறிப்பேடு சொல்லும். இன்று பிறக்கும் கன்றின் வாய்க்குச் சாணம் எட்டாமல் பார்த்துக்கொண்டால், மூன்று நான்கு ஆண்டுகள் கழித்து அதன் பலன் பால் பாத்திரத்தில் தெரியும்.